ரயில் லேட் ஆனால் பணம் உண்டா? காட்பாடியில் ஏறுகிறவர்களுக்கு

5 டிசம்பர் 2024, காலை (குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்)
போன வாரம் சென்னையில் எனக்கு நேர்காணல். காட்பாடிக்கு வந்து ரயில் ஏறினேன். ரயில் நாலு மணி நேரம் லேட். நேர்காணல் போச்சு. "ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் 100 ரூபாய், இரண்டு மணி நேரம் தாமதமானால் 250 ரூபாய், ரயில்வே தந்தே ஆகவேண்டும், இது சட்டம், எல்லோருக்கும் பகிருங்கள்" என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எங்கே போய்க் கேட்பது? யாருக்காவது கிடைத்திருக்கிறதா?

5 டிசம்பர், பகல் (காட்பாடி ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்)
அந்த 100, 250 சட்டம் இல்லை. 2019 அக்டோபரில் லக்னோவுக்கும் டெல்லிக்கும் நடுவே ஐஆர்சிடிசி (ரயில்வேயின் ஆன்லைன் டிக்கெட் நிறுவனம்) ஒரு தேஜஸ் ரயில் விட்டது, பிறகு அகமதாபாத் – மும்பை பாதையில் இன்னொன்று. அந்தத் தேஜஸ் ரயில்களுக்கு மட்டும் அவர்களாகச் சொன்ன சலுகை அது. 2024 பிப்ரவரியோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். யாரோ ரயில் பெயரை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பி, அது குடியாத்தம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ரயிலைவிட வேகமாகத்தான் வந்திருக்கும்.

காட்பாடியில் நிற்கிற எந்த ரயிலுக்கும் இப்படி மணிக் கணக்குப் பார்த்துப் பணம் தரும் ஏற்பாடு கிடையாது. நமக்கு இருப்பது வேறு இரண்டு வழி. ஒன்று, டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்குவது. இன்னொன்று, நஷ்டம் ஆனதற்கு ஈடு கேட்பது. முதலாவது ரயில்வே விதியில் இருக்கிறது. இரண்டாவதற்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் என் கடைக்கு வருகிறார்கள்.

தம்பி, நீங்கள் ஏறிப் போய்விட்டீர்கள். டிக்கெட் பணம் திரும்பி வராது. நேர்காணல் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், கடையில் ஆள் நிற்கிறது.

5 டிசம்பர், இரவு
நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஜெராக்ஸ் கடை, கூடவே இரண்டு கம்ப்யூட்டர். ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதால் ரயில் லேட் ஆனால் கூட்டம் என்னிடம்தான் வரும். டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற வேலை வைத்துக்கொள்வதில்லை. லைசென்ஸ் இல்லாமல் அதைத் தொழிலாகச் செய்தால் ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவு, மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம். படிவம் நிரப்ப உதவுவேன், பிரின்ட் போட்டுத் தருவேன், அவ்வளவுதான்.

சரி, மூன்று மணி நேர விதி. 2015 நவம்பர் 12 முதல் நடப்பில் இருக்கும் ரத்து, கட்டணத் திருப்ப விதிகளில் இருப்பது இது. நீங்கள் ஏற வேண்டிய நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் லேட், நீங்கள் பயணம் செய்யவில்லை என்றால் முழுக் கட்டணமும் திரும்பும். ரத்துக் கட்டணம் பிடிக்க மாட்டார்கள். கன்ஃபார்ம், ஆர்ஏசி (படுக்கை இல்லாமல் உட்கார மட்டும் இடம்), வெயிட்டிங் லிஸ்ட் எல்லாவற்றுக்கும் இதேதான்.

"ஏற வேண்டிய நிலையத்தில்" என்பதைக் கவனியுங்கள். போய்ச் சேரும்போது எட்டு மணி நேரம் லேட் என்றாலும் இந்த விதிக்குக் கவலை இல்லை. காட்பாடியில் சரியான நேரத்துக்கு ஏற்றிக்கொண்டு, நடுவில் எங்கோ ஒரு காட்டில் ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தாலும் ஒரு ரூபாய் திரும்பாது.

அடுத்தது நேரம். ரயில் உங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஆன்லைன் டிக்கெட் என்றால் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்டு ஆன்லைனில் போடும் விண்ணப்பம்) போட வேண்டும், கவுன்ட்டர் டிக்கெட் என்றால் கவுன்ட்டரில் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஆற அமர உட்கார்ந்து போடலாம் என்றால் நடக்காது.

6 டிசம்பர், காலை
நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மூன்று மணி நேரம் என்பது எதிர்பார்க்கப்படும் லேட் இல்லை, உண்மையில் ஆன லேட். சென்னையிலிருந்து வரும் ரயில் அரக்கோணத்தில் 3 மணி 5 நிமிஷம் லேட் என்று செயலி காட்டும். நீங்கள் டிடிஆர் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவீர்கள். அந்த டிரைவர் நல்ல ஓட்டமாக ஓட்டிக் காட்பாடியில் 2 மணி 55 நிமிஷத்தில் கொண்டு வந்து நிறுத்திவிட்டால் உங்கள் விண்ணப்பம் தள்ளுபடி. மூன்று மணியை ஒட்டிய லேட்டில் அவசரப்படாதீர்கள். நாலு, அஞ்சு மணி நேரம் என்றால் பயமில்லை.

அட்டவணையில் கடைசி நிலையத்துக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் சேர்த்து வைத்திருப்பார்கள். அதனால்தான் அரக்கோணத்தில் அரை மணி லேட்டாக இருக்கும் ரயில் சென்ட்ரலில் சரியான நேரத்துக்குப் போய் நிற்கும். சீசன் டிக்கெட்டில் போகிறவர்களிடம் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

6 டிசம்பர், இரவு
"மூன்று மணி லேட் என்றால் ஏறாமல் விட்டுவிட வேண்டியதுதானே" என்று ராணிப்பேட்டை அண்ணன் எழுதியிருக்கிறார். பக்கத்து ஊருக்குப் போகிறவருக்கு அது சரி. சென்னைக்குப் பஸ் இருக்கிறது, பெங்களூருக்கும் இருக்கிறது. ஹவுராவுக்கு எந்த பஸ்ஸில் போவது?

மழை நாள் ஒன்று. வடக்கே போகிற ரயில் ஏழு மணி நேரமோ என்னவோ லேட். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் வங்காளக் குடும்பம், பிளாட்பாரத்தில் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கேன் படங்கள் அந்த நீள பிளாஸ்டிக் உறையில், அதைச் சுவரோடு சாய்த்து வைத்து, மழை படாமல் முன்னால் ஒரு பையை வைத்திருந்தார்கள். பெரியவருக்கு வயிற்றில் தையல், உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மகன் என் கடைக்கு வந்தான். "நஹி ஜாயேங்கே, லாட்ஜ் வாபஸ்" என்றான். இந்தி எனக்கு அவ்வளவுதான் புரியும், ஆனால் விஷயம் புரிந்துவிட்டது: போகவில்லை, லாட்ஜுக்கே திரும்புகிறார்கள்.

அவன் போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது. என் சார்ஜரைச் செருகிவிட்டு டிடிஆர் பக்கத்தைத் திறந்தோம். பயணிகள் பெயருக்கு எதிரே எல்லாக் கட்டத்தையும் டிக் செய்து, காரணங்களின் பட்டியலில் "ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணம் செய்யவில்லை" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் ஒரே மாதிரி நாலைந்து வரி இருக்கும், தப்பானதைத் தொட்டால் விண்ணப்பம் வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். சமர்ப்பித்த பிறகு வரும் பக்கத்தை பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். பணம் பிறகு வந்தது, ஆனால் உடனே வரவில்லை. டிடிஆர் என்றால் இரண்டு மாதம்கூட இழுக்கும்.

பணம் வந்துவிட்டது, பெர்த் வருமா? அடுத்த ரயிலுக்கு வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டி நிற்கும். தட்கலுக்குப் போனால் ஸ்லீப்பரில் தலைக்கு 100 முதல் 200 ரூபாய் கூடுதல். வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் வாடகை, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் அவர்கள் தலையில்தான். ரயில்வே திருப்பிக் கொடுத்தது அவர்களிடம் வாங்கிய கட்டணத்தை மட்டும். கன்வீனியன்ஸ் கட்டணம் என்று ஆன்லைனில் பிடிப்பார்களே, அதுகூடத் திரும்பாது. ஒலிபெருக்கியில் மட்டும் மூன்று மொழியில் வருத்தம் தெரிவித்துக்கொண்டே இருந்தார்கள்.

9 டிசம்பர்
ரயிலையே ரத்து செய்தால் என்ன என்று திருவலத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். கேட்க வேண்டிய ஊர்தான் அது. 2021 டிசம்பரில் திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே பொன்னையாற்றுப் பாலம் பழுதாகி, காட்பாடி வழியாகப் போகும் ரயில்கள் வரிசையாக ரத்தானது நினைவிருக்கும்.

ஆன்லைன் டிக்கெட் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ரயில் முழுதாக ரத்தானால் பணம் தானாகக் கணக்குக்கு வரும். டிடிஆர் வேண்டாம். நீங்களாகப் போய் கேன்சல் பட்டனை அழுத்தவும் வேண்டாம். ரத்து அறிவிப்பு கம்ப்யூட்டரில் ஏறுவதற்கு முன்னால் அவசரப்பட்டு அழுத்தினால், நீங்களே ரத்து செய்ததாகக் கணக்கு வைத்துக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள்.

கவுன்ட்டர் டிக்கெட் என்றால் கையில் காகிதத்தோடு போய் நிற்க வேண்டும். ரயில் கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து மூன்று நாளைக்குள். வெள்ள நேரத்தில் இந்த மூன்று நாள்தான் வில்லங்கம். வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர், இதில் எங்கே ஸ்டேஷனுக்குப் போவது?

போன வாரம் ஃபெஞ்சல் புயலில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் வந்து தென்மாவட்ட ரயில்கள் ரத்தாயின, சில வேறு பாதையில் போயின. பாதை மாறிய ரயிலில் போக உங்களுக்கு விருப்பமில்லை என்றால் அதற்கும் முழுப்பணம் உண்டு. ஆனால் இது தானாக வராது, டிடிஆர் போட வேண்டும். 72 மணி நேரம் தருகிறார்கள். பாதி வழியோடு ரயிலை நிறுத்திக்கொண்டாலும் இப்படியே.

10 டிசம்பர்
45 காசு இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறேன், அதில் வாங்க முடியுமா என்று கேள்வி. முடியாது. அது விபத்துக்கு. உயிர் போனால், கை கால் போனால், ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தருவது. லேட்டுக்குத் தர மாட்டார்கள்.

14 டிசம்பர்
இப்போது நேர்காணல் தம்பிக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும்.

"சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, லேட் ஆனால் 35,000" என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். அந்தத் தீர்ப்பு இருப்பது உண்மைதான், ஆனால் அவர் சொல்கிற மாதிரி இல்லை. 2016 ஜூனில் ஒரு குடும்பம் அஜ்மீர் – ஜம்மு ரயிலில் போகிறது. காலை 8.10க்கு ஜம்மு சேர வேண்டியது, பகல் 12 மணிக்குச் சேர்ந்தது. ஸ்ரீநகர் விமானமும் 12 மணிக்கு. விமானம் போய்விட்டது. டாக்சி பிடித்து ஸ்ரீநகர் போனார்கள், தால் ஏரியில் படகு வீட்டுக்குக் கட்டிய பணமும் வீணானது. ராஜஸ்தானில் அல்வர் மாவட்ட நுகர்வோர் மன்றம் டாக்சிக்கு 15,000, பதிவுச் செலவுக்கு 10,000, மன உளைச்சலுக்கு 5,000, வழக்குச் செலவுக்கு 5,000 கொடுக்கச் சொன்னது. ரயில்வே மாநில ஆணையம், தேசிய ஆணையம், சுப்ரீம் கோர்ட் வரை போய் எல்லா இடத்திலும் தோற்றது. கடைசித் தீர்ப்பு 2021 செப்டம்பர் 6.

ரயில்வே எடுத்து வைத்த வாதம், தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எங்கள் கட்டண விதிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்பது. கோர்ட் அதை ஏற்கவில்லை. தாமதம் உங்கள் கையை மீறிய காரணத்தால் வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் சேவைக் குறைபாடு, ஈடு கொடு என்றது. நமக்கு உதவுவது இந்த ஒரு இடம்தான். காரணத்தைச் சொல்லும் சுமை அவர்கள் மேல் விழுகிறது.

ஆனால் புயல், பாலத்தில் வெள்ளம் என்றால் அவர்கள் காரணத்தைச் சுலபமாகக் காட்டிவிடுவார்கள். தம்பியின் ரயில் போன வாரம் என்கிறார், புயல் வாரம். அங்கேயே பாதி வழக்கு தொங்கும். இன்னொன்று, 35,000இல் 25,000 ரூபாய் கையை விட்டுப் போன செலவு. நேர்காணல் போனதை எந்த பில்லில் காட்டுவது? அந்த வேலை கிடைத்தே இருக்கும் என்று யார் சொல்வது? மனம் ஆறாது, தெரிகிறது. ஆனால் அந்த வழக்கை நான் என்றால் போட மாட்டேன்.

15 டிசம்பர்
வேலூரில் ஒரு வக்கீல் நண்பர் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுப் போனில் கூப்பிட்டார். கட்டணத்தைத் திரும்பக் கேட்பது மட்டும் என்றால் அது ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தின் வேலை, 1987ஆம் வருஷச் சட்டப்படி. சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் போய் "டிக்கெட் பணம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால், இந்த இடத்துக்கு இது பொருந்தாது என்று எதிர்த் தரப்பு முதல் நாளே சொல்லும். சேவைக் குறைபாடு, அதனால் எனக்கு ஆன செலவு இவ்வளவு என்று எழுத வேண்டும் என்றார். நான் இதை விட்டுவிட்டதாகச் சொல்லிக் கொஞ்சம் திட்டவும் செய்தார், வாங்கிக்கொண்டேன்.

2019ஆம் வருஷ நுகர்வோர் சட்டத்தில் நல்லது ஒன்று, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ரயில் எந்த மாநிலத்தில் நின்றது என்ற கேள்வியே வராது. சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குப் போடக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

15 டிசம்பர், கொஞ்ச நேரம் கழித்து
என்ன காகிதம் வேண்டும் என்று பலர் கேட்பதால், கடைக்காரனாகச் சொல்கிறேன். டிக்கெட்டும் பிஎன்ஆரும் (டிக்கெட்டில் இருக்கும் பத்து இலக்க எண்) எல்லோரும் வைத்திருப்பீர்கள். லேட் ஆனதற்கான ஆதாரத்தைத்தான் விட்டுவிடுகிறீர்கள். செயலியில் பழைய நாள் விவரம் சில நாளில் மறைந்துவிடும். அன்றைக்கே, ரயில் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். தவறவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு வந்தது, காரணம் என்ன என்று கேளுங்கள்.

அப்புறம் பஸ் டிக்கெட். ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் போனீர்கள் என்றால் அந்தச் சீட்டுதான் சாட்சி. மிஷினில் வரும் அந்தச் சின்னக் காகிதம் சூட்டில் எழுத்து விழும் காகிதம். பர்ஸில் வைத்து இரண்டு மாதம் கழித்து எடுத்தால் வெள்ளைத் தாள்தான் இருக்கும். ஒருவர் அப்படியே கொண்டு வந்து "கொஞ்சம் கருப்பா ஜெராக்ஸ் போடுங்க" என்றார். இல்லாத எழுத்தை எந்த மிஷின் கருப்பாக்கும்? டாக்சி பில், பெட்ரோல் பில் எல்லாம் இதே காகிதம்தான். வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். லேமினேஷன் மட்டும் போடாதீர்கள், அந்தச் சூட்டில் முழுத் தாளும் கருத்துப் போகும்.

21 டிசம்பர்
தங்கை மகன் ஜெர்மனியில் இருக்கிறான், இந்த இழையைப் படித்துவிட்டுச் சிரிக்கிறான். அங்கே போய்ச் சேரும் இடத்தில் ஒரு மணி நேரம் லேட் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதம் திரும்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இந்த விதிதான். பயணம் செய்த பிறகும் கேட்கலாம். நான் சொன்னேன், எங்கள் ஸ்லீப்பர் டிக்கெட் விலையில் 25 சதவீதம் என்றால் உனக்கு ஒரு காபிகூட வராது. ஆனாலும் அவன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. தொகை சின்னதாக இருந்தாலும் ரயிலுக்கு ஆயிரம் பேருக்குக் கொடுக்க வேண்டும் என்றால், எங்கே நிறுத்தி வைக்கிறோம் என்று யாராவது ஒருவர் யோசிப்பார்.

அதே சமயம், இங்கே அப்படி வந்தால் அட்டவணையிலேயே இரண்டு மணி நேரம் கூட்டிப் போட்டுவிடுவார்கள் என்று வாணியம்பாடி வாசகர் எழுதியிருக்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

3 ஜனவரி 2025
புது வருஷத்தில் முதல் கேள்வி, காட்பாடியிலிருந்து சென்ட்ரல் போய் அங்கிருந்து வேறு ரயில் பிடிப்பவர்களுக்கு. முதல் ரயில் லேட்டாகி இரண்டாவது ரயிலை விட்டால்?

2019 ஏப்ரல் முதல் இரண்டு பிஎன்ஆரையும் இணைக்கலாம். இரண்டு டிக்கெட்டிலும் பெயர் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். இணைத்திருந்து, முதல் ரயில் லேட்டானதால் இரண்டாவது போய்விட்டது என்றால், போகாத பாதிக்குக் கட்டணம் பிடித்தம் இல்லாமல் திரும்பும். முதல் ரயில் உண்மையில் வந்து சேர்ந்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். இணைக்காமல் தனித்தனியாக எடுத்திருந்தால் இரண்டாவது டிக்கெட் அப்படியே போச்சு. இது தெரியாமல் எத்தனை பேர் இரண்டாவது டிக்கெட்டை விட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. மூன்றாம் மனிதருக்கு எடுத்துக் கொடுக்கும்போதும் இதைக் கவனியுங்கள்.

4 ஜனவரி
ஏசி வேலை செய்யவில்லை, அதற்கு? உண்டு. மூன்றடுக்கு ஏசி என்றால், ஏசி ஓடாத தூரத்துக்கு ஸ்லீப்பர் கட்டணம் போக மீதி வித்தியாசம் திரும்பும். டிடிஇயிடம் (டிக்கெட் பரிசோதகர்) எழுதி வாங்க வேண்டும், இறங்கிய பிறகு 20 மணி நேரத்துக்குள் டிடிஆர் போட வேண்டும்.

அப்பாவோடு போனபோது ஒரு ராத்திரி இப்படி ஆனது. டிடிஇ வந்தார், "சரி பண்ணிடுவாங்க சார்" என்றார், போய்விட்டார். எழுதித் தரச் சொன்னதும் அடுத்த ஸ்டேஷனிலேயே மெக்கானிக் வந்துவிட்டார். பணம் கிடைக்கவில்லை, காற்று கிடைத்தது. எழுதித் தாருங்கள் என்று கேட்பதற்கு இந்தப் பலனும் உண்டு.

11 ஜனவரி
தட்கலில் எடுத்தால் எதுவும் திரும்பாது என்று நினைத்துக்கொண்டு நேற்று ஒருவர் டிக்கெட்டைக் கிழித்தே போட்டுவிட்டார். கன்ஃபார்ம் ஆன தட்கலை நீங்களாக ரத்து செய்தால் திரும்பாது. ரயில் ரத்தானால் முழுப்பணம். மூன்று மணி நேரத்துக்கு மேல் லேட் என்றாலும் முழுப்பணம். ஒரே ஒரு முடிச்சு: டிக்கெட்டில் பயணம் தொடங்கும் நிலையத்தில் லேட்டாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து டிக்கெட் எடுத்து ஏறும் இடத்தைக் காட்பாடி என்று மாற்றியிருந்தால், சென்னையில் எத்தனை மணி நேரம் லேட் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஏஜென்ட்டிடம் எடுத்தவர்களுக்கு: திரும்பும் பணம் உங்கள் கணக்குக்கு வராது, ஏஜென்ட் கணக்குக்குத்தான் போகும். உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும். பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அதன் பிறகு ஓடிபியைச் சொல்லுங்கள். டிக்கெட் எடுக்கும்போது அவர் உங்கள் எண்ணைப் போட்டாரா, தன் எண்ணைப் போட்டுக்கொண்டாரா என்பதை அப்போதே பார்த்துவிடுங்கள்.